பல் பிடுங்கும் இன்டர்னை எப்படி மதிப்பிடுவது?

பல் பிடுங்கும் குறடான ஃபோர்செப்ஸைக் கையில் எடுத்த பிறகு போய் நின்றால் பாதிப் பரீட்சை முடிந்திருக்கும். நோயாளி நாற்காலியில் உட்காரும்போதே போய்விடுங்கள். கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். இரண்டாவதுதான் கஷ்டம்.

குடியாத்தம் பக்கம் நான் பார்க்கும் மையத்துக்கு, நாலு வருஷ பி.டி.எஸ். பல் மருத்துவப் படிப்பை முடித்து ஒரு வருஷப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் இன்டர்ன்களாக வருவார்கள். போன வாரம் சித்தூரிலிருந்து ஒரு பெரியவர், சர்க்கரைக்காரர். "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டாள் எங்கள் இன்டர்ன் பெண். அவர் தலையாட்டினார். டிஃபன் ஆச்சா என்று கேட்கவில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்திருந்தால் நாற்காலியிலேயே மயங்கி விழலாம். இந்த இடத்தில் மட்டும் நான் வாயைத் திறந்துவிட்டேன். ஆபத்து என்றால் திறக்கத்தான் வேண்டும்.

அடுத்து, பல் எண். கேஸ் ஷீட்டில் 36 (கீழ்த்தாடை இடப்பக்க முதல் கடைவாய்ப் பல்) என்று இருந்தால் எக்ஸ்ரேயிலும் வாயிலும் விரல் வைத்து எண்ணுகிறாளா? மரத்துப்போக வைக்கும் ஊசியைக் குத்தியதும் மருந்தை உடனே தள்ளாமல், சிரிஞ்சில் ரத்தம் ஏறுகிறதா என்று இழுத்துப் பார்க்கிறாளா?

மரத்துப்போனதைச் சோதிப்பதுதான் எனக்கு முக்கியம். அதில் நானே ஒருமுறை கோட்டை விட்டிருக்கிறேன். கூட்ட நேரம், பல் முழுசாக வெளியே வந்ததை மட்டும் பார்த்து 'நன்று' போட்டுவிட்டேன். மறுநாள் அந்த நோயாளி, பீடி சுற்றும் ஒரு அம்மா, "வலி உயிர் போச்சு டாக்டர், சொல்லப் பயமா இருந்துச்சு" என்றார். உதடு மரத்ததா என்று கேட்டதோடு அன்றைய இன்டர்ன் பையன் நிறுத்தியிருக்கிறான். உதட்டுக்குப் போவது கீழ்த்தாடை நரம்பு. கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்க ஈறுக்கு வேறு நரம்பு, அதற்குத் தனி ஊசி. ப்ரோப் என்ற மெல்லிய கம்பிக் கருவியால் ஈறைச் சுற்றிக் குத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிடுங்கும் வேகத்துக்கு நான் மார்க் தருவதில்லை. இடது கை தாடையைத் தாங்குகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

பஞ்சை அரைமணி நேரம் கடிக்கணும், எச்சில் துப்பக் கூடாது என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறாளா என்று பாருங்கள். அந்தப் பெரியவருக்குத் தமிழ் அரைகுறை. அவள் தனக்குத் தெரிந்த தெலுங்கில் "உம்மகூடது" என்றாள், துப்பக் கூடாது என்று. அவர் சிரித்துவிட்டார்.

பிறகு நோயாளி இல்லாத இடத்தில் ஐந்து நிமிஷம். முதலில் அவளே சொல்லட்டும். மார்க்கைவிட, கண்ணால் பார்த்ததை எழுதுவது உபயோகம். ஒரே கேஸை வைத்து ஆளை எடை போடவும் முடியாது. என் நோட்டில் இப்படி இருக்கிறது: "சாப்பாடு கேட்கவில்லை. ஊசி சுத்தம். ஈறு சோதித்தாள். தெலுங்கு பரவாயில்லை. புதன்கிழமை இன்னொரு சர்க்கரை கேஸ் கொடுத்துப் பார்க்கணும்."