செயற்கைக்கோள் சிக்னலிங் சேனல்: தரைப் பழக்கம் அங்கே செல்லாது

கடலுக்குப் போன மீன்பிடிப் படகுகளில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர்கள் (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பி வாங்கும் கருவிகள்), அனுமதி கேட்பதற்கென்று வைத்த ஒரே சிக்னலிங் சேனலில் "செய்தி அனுப்ப எனக்கு இடம் கொடு" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். மேலே 35,786 கி.மீ உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள். கேள்வி தரைநிலையம் போய்ப் பதில் படகுக்கு வர ஏறத்தாழ அரை விநாடி. இதை மறந்தால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

வைஃபைக்குப் பழகியவர், சேனல் காலியா என்று காதுகொடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்வார். தொலைவில் இருக்கும் படகுகளுக்கு ஒன்றின் சிக்னல் மற்றொன்றுக்குக் கேட்காது. செயற்கைக்கோள் வழியாகக் கேட்டாலும் அது கால் விநாடிப் பழைய செய்தி. இங்கே கைகொடுப்பது 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய அலோஹா முறை: சேனல் காலியா என்று கேட்காமல் அனுப்பு, இன்னொருவர் அனுப்பியதோடு மோதிக் கெட்டுப்போனால் மறுபடி அனுப்பு. நேரத்தை ஸ்லாட்டுகளாக, அதாவது சம அளவுத் துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பச் சொன்னால் உச்சத் திறன் (சேனல் நேரத்தில் மோதாமல் பயன்படும் அதிகபட்சப் பங்கு) 18.4 சதவீதத்திலிருந்து 36.8 ஆகும்.

அந்த 36.8-ஐ இலக்காக வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. அந்த உச்சத்தில் ஒரு முயற்சி வெல்லும் வாய்ப்பே 37 சதவீதம்தான். சராசரியாக மூன்று தடவைக்குக் கொஞ்சம் குறைவாக முயல வேண்டும், ஒவ்வொரு தோல்விக்கும் அரை விநாடிக்கு மேல் போகும். இன்னும் நெரிசல் கூடினால் மறுமுயற்சிகளே புது மோதல்களைப் பெற்றெடுக்கும். எல்லாப் படகுகளும் சேர்ந்து சராசரியாகப் பத்து ஸ்லாட்டுக்கு ஒரு முயற்சி என்று வைத்தால் சுமார் 90 சதவீதம் முதல் தடவையே போய்ச் சேரும். சேனல் சும்மா கிடக்கிறதே என்று யாராவது புலம்பினால், புலம்பட்டும்.

மோதிய இருவரும் ஒரே இடைவெளியில் திரும்ப அனுப்பினால் மறுபடி மோதுவார்கள். காத்திருப்பு தற்செயலாக இருக்கவேண்டும், நெரிசல் கூடக்கூட நீளவும் வேண்டும்.

அப்புறம், ஒரு ஸ்லாட்டின் சிக்னல் தாமதமாக வந்து அடுத்ததில் விழாமல் இருக்க ஸ்லாட்டுக்கு இடையே விடும் வெற்று நேரம். செயற்கைக்கோளுக்கு நேர் கீழே உள்ள கருவிக்கும் அடிவானத்தில் உள்ளதற்கும் தூரம் 6,000 கி.மீ வரை வேறுபடும், அதாவது 20 மில்லி விநாடி. அவ்வளவையும் வெற்றாக விடாமல், ஜிபிஎஸ் இடத்தை வைத்துத் தன் தூரத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ப கருவியே முன்கூட்டி அனுப்பலாம்.

புயல் எச்சரிக்கை போனதும் எல்லாக் கருவிகளும் அதே நொடியில் "கிடைத்தது" என்று பதில் தந்தால் சேனல் அடைத்துக்கொள்ளும். கருவி எண்ணை வைத்துப் பதில்களைச் சில நிமிடங்களுக்குப் பரப்பிவிடுங்கள். ஆபத்து அழைப்புக்கான ஸ்லாட்டுகளை அந்தப் பதில்கள் தொடவே கூடாது.