டார்வின் மழைக்காலம்: சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க

வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும் முதல் மழைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய நோய் மெலியாய்டோசிஸ். நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே மழை. மழையில்லாத வறண்ட மாதங்களில் மண்ணுக்கடியில் கிடக்கும், இந்த நோயைத் தரும் பாக்டீரியா, மழை விழுந்ததும் சேற்றோடு மேலே வரும். காலில் சின்னக் கீறல் இருந்தாலே உள்ளே போய்விடும். சூறைக்காற்றோடு மழை அடிக்கும்போது மூச்சு வழியாகவும் போகும்.

1989இலிருந்து 30 ஆண்டுகளில் இங்கே பதிவான 1,148 நோயாளிகளில் பாதிப் பேருக்கு நிமோனியா. 133 பேர் இறந்துபோனார்கள். 45 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம். சிறுநீரக நோய், நுரையீரல் நோய், அதிகக் குடி இருப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

கறிவேப்பிலைக் கன்றுக்கு மண் கொத்த ரப்பர் செருப்போடு இறங்காதீர்கள். தண்ணீர் புகாத மூடிய ஷூவும் கையுறையும் வேண்டும். சர்க்கரையால் கால் மரத்தவருக்குக் குதிகால் வெடிப்பில் சேறு ஏறினாலும் தெரியாது. இரவில் வேறு யாரையாவது உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் பிடித்தால் மாஸ்க் கட்டாயம்.

பெரும்பாலும் 1 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி தொடங்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த அமாக்ஸிசிலின் இதற்குக் கேட்காது. அதை நம்பி மூன்று நாள் காத்திருந்தால் கிருமி ரத்தத்தில் பரவி, நுரையீரலில் சீழ் கட்டி, வென்டிலேட்டர் வரை போகலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸுக்கு 000. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு 131 450.

மெல்பர்னிலோ சென்னையிலோ காய்ச்சல் வந்தால், "மழையில் டார்வினில் இருந்தேன், சர்க்கரை உண்டு" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் மேல் நுரையீரலில் தெரியும் நிழலைக் காசநோய் என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ரத்தம், சளி, சிறுநீர் மூன்றையும் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பக் கேளுங்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்தக் கிருமி உண்டு. மழையில் ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்கு செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி குறைந்தது 14 நாள். நுரையீரல் மோசமானால் 4 வாரம். பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். இருமல் நின்றதும் மாத்திரையை விட்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து அதிகம். இது சல்ஃபா வகை மருந்து, சல்ஃபா அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரை எடுக்கும் நாட்களில் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டுவது) ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே மருத்துவமனைக்கு ஃபோன் செய்யுங்கள்.