வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள், ஏழெட்டு கேட்டால் விழிக்கிறாள்: பயிற்சியில் நாம் செய்யும் தவறுகள்

மாலையில் என்னிடம் படிக்க வரும் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். ஒருநாள் "எட்டேழு எவ்வளவும்மா?" என்று தனியாகக் கேட்டேன். கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது. உதடு மட்டும் அசைந்தது: ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு... ஒவ்வொரு படியாக ஏறி எட்டாவது படிக்கு வந்து "அம்பத்தாறு" என்றாள். விடை சரிதான். ஆனால் 4368-ஐ 7ஆல் வகுக்க அவள் மூன்று முறை இப்படி ஏற வேண்டும். இரண்டாவது முறை ஏறி இறங்குவதற்குள் எந்த எண்ணைக் கீழே இறக்கினோம் என்பதே மறந்துவிடுகிறது. வகுத்தல் வரவில்லை என்று வீட்டில் திட்டு விழுகிறது. அவளுக்கு வகுத்தல் முறை நன்றாகவே தெரியும்.

முதல் தவறு இங்கேதான் இருக்கிறது. பாட்டாகப் பாடவைத்து, பாடி முடித்ததும் "தெரிந்துவிட்டது" என்று நாம் நிம்மதியாகிவிடுகிறோம். ராகமாகச் சொல்வது தொடக்கத்துக்கு நல்லது. மனப்பாடமே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியில் பின்னங்களுக்குக்கூட வாய்ப்பாடு இருந்தது. ஆனால் பாட்டில் ஒரு வரி அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வரும். நடுவில் இருக்கும் ஒரு வரியை மட்டும் எடுக்கப் பிள்ளை பழகவே இல்லை. ஆகவே இரண்டாவது வாரத்திலிருந்தாவது வரிசையைக் கலைத்துக் கேளுங்கள்.

இம்போசிஷன் இதைவிட மோசம். பத்து முறை எழுதச் சொன்னால் பிள்ளை எப்படி எழுதுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் 1 முதல் 10 வரை மேலிருந்து கீழாக. அடுத்து பத்துப் பெருக்கல் குறி. பிறகு பத்து 7, பத்துச் சமக்குறி. கடைசியில் ஏழேழாகக் கூட்டி 7, 14, 21 என்று இறங்கிவிடும். பக்கம் நிறைந்துவிட்டது, கையும் வலிக்கிறது. எட்டும் ஏழும் ஐம்பத்தாறும் ஒருமுறைகூட அந்தத் தலைக்குள் சேர்ந்து நிற்கவில்லை.

அடுத்தது, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகவே போவது. ஒன்று முதல் பத்து வரை பார்த்தால் மொத்தம் 100 பெருக்கல்கள். பிள்ளைக்கு இது மலை. பல்லாங்குழிப் பலகையை எடுத்து முன்னால் வையுங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, ஈரேழு பதினாலு. பலகையை அப்படியே திருப்பினால் ஏழு வரிசை, வரிசைக்கு இரண்டு. குழி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முட்டைக் கடையில் தரும் 30 முட்டை அட்டையும் இதையே காட்டும்: ஐயாறும் முப்பது, ஆறைந்தும் முப்பது. இது புரிந்த அன்றே 100 என்பது 55 ஆகிவிடுகிறது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகிய எளிய வாய்ப்பாடுகளைக் கழித்தால் மிச்சம் 21. ஒன்பதில் பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழித்தால் போதும். ஒன்பதெட்டு என்றால் 80-இல் எட்டுப் போக 72. இனி 15. மும்மூன்று, ஏழேழு, எண்ணெட்டு என்று ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் ஐந்தும் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் நின்று அடம்பிடிப்பவை பத்தே பத்துதான்:

3×4, 3×6, 3×7, 3×8, 4×6, 4×7, 4×8, 6×7, 6×8, 7×8.

என் உழைப்பில் பெரும்பகுதி இந்தப் பத்துக்குத்தான் போகிறது. அவற்றிலும் ஒரே நாளில் இரண்டுக்கு மேல் புதிதாகச் சேர்ப்பதில்லை. நான்காம் வாய்ப்பாடு தடுமாறினால் இரண்டாம் வாய்ப்பாட்டு விடையை ஒருமுறையும், எட்டாம் வாய்ப்பாடு தடுமாறினால் இருமுறையும் இரட்டிக்கச் சொல்வேன்: ஈரேழு 14, அதை இரட்டித்தால் நாலேழு 28, இன்னொரு முறை இரட்டித்தால் எட்டேழு 56. மறந்தாலும் திரும்பிப் போக ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை பயப்படுவதில்லை.

இந்தப் பத்தும் உறுதிப்படும் முன் பதினாறாம், பதினெட்டாம் வாய்ப்பாட்டுக்கு ஓடாதீர்கள். எவ்வளவு பெரிய எண்ணைப் பெருக்கினாலும் ஒற்றை இலக்கப் பெருக்கல்தான் உள்ளே நடக்கிறது.

பள்ளியில் "செவன் எய்ட்ஸ் ஆர் ஃபிஃப்டி சிக்ஸ்", வீட்டில் பாட்டியிடம் "ஏழெட்டு அம்பத்தாறு". இரண்டும் நல்லதே. ஆனால் ஒரே சமயத்தில் இரண்டையும் கலந்தால் பிள்ளை மொழிபெயர்த்துக்கொண்டே நிற்கும். பயிற்சிக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் தமிழ். சொல் சின்னது, நாக்கில் சுலபமாக உருளும்.

விருந்தாளி முன்னால் நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வது, அண்ணனோடு போட்டி வைப்பது, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது, இவை மூன்றையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பதற்றம் வந்த பிள்ளைக்குத் தெரிந்த விடையும் வராது. தவறாகச் சொன்னால் "யோசி, யோசி" என்று இழுக்காமல் முழுசாகச் சொல்லிக்கொடுங்கள்: "ஆறேழு நாப்பத்திரண்டு." பிள்ளையும் ஒருமுறை சொல்லட்டும். வேறு இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மறுபடி ஆறேழுக்கு வாருங்கள். இரவில் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது இன்னொரு முறை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிடத் தினம் ஐந்து நிமிடம் எவ்வளவோ மேல்.

பெருக்கலை மட்டும் கேட்டு வகுத்தலை விட்டுவிடுவதும் தவறுதான். "அம்பத்தாறில் எத்தனை ஏழு?" என்று அதே வாரத்திலேயே திருப்பிக் கேளுங்கள். பூஜ்யத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; 7×0-வுக்கு 7 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. மார்ச்சில் டக்கென்று விடை சொன்ன பிள்ளை மே விடுமுறை முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டால், ஜூனில் அந்தக் கை மறுபடி முதுகுக்குப் பின்னால் போகும். விடுமுறையிலும் வாரத்துக்கு இரண்டு நாள், பேருந்திலோ மொட்டை மாடியிலோ, நாலு கேள்வி போதும்.