சலிஷ் மொழிகளைக் கேட்டுப் பழகும் முறை: வன்னி வாசகருக்கு ஒரு வழிகாட்டி

2010 ஆகஸ்ட் 13 அன்று, 492 தமிழரைச் சுமந்து வந்த ‘சன் சீ’ கப்பல் கனடாவின் வன்கூவர் தீவிலுள்ள எஸ்குவைமோல்ற் துறையை அடைந்தது. அத்துறையின் பெயர், ‘படிப்படியாக ஆழங்குறையும் நீர்’ என்னும் பொருள்தரும், அக்கரையின் முதற்குடிகளுக்குரிய சலிஷ் மொழிகளுள் ஒன்றைச் சேர்ந்த சொல்லின் திரிபாகும். கனகராயன்குளம், வவுனிக்குளம் என நீர்நிலையைக் கொண்டே ஊரை அறிந்து வளர்ந்த நமக்கு, நம்மவர் கால்வைத்த கரையின் பெயரும் நீரையே குறித்து நிற்பது நெஞ்சைத் தொடுகிறது. அம்மொழிகளை வன்னியில் இருந்தபடியே செவிவழி அறிய விரும்புவோருக்காக, குறிப்பாக அக்கரையில் பிள்ளைகளோ சகோதரரோ வாழும் குடும்பங்களுக்காக, இதனை எழுதுகிறேன்.

முதலில், எந்த மொழி என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சலிஷ் என்பது தனியொரு மொழியின் பெயரன்று. பசிபிக் கரையிலிருந்து மலைகளைக் கடந்து அமெரிக்காவின் மொன்ரானா மாநிலம் வரை பரந்த, ஏறத்தாழ 23 மொழிகளைக் கொண்ட குடும்பத்தின் பெயர். உறவினர் வன்கூவர் நகரில் இருந்தால் ஸ்குவாமிஷ் அல்லது ஹல்கோமேலம், கம்லூப்ஸில் இருந்தால் ஷுஸ்வப் எனப்படும் செக்வெப்பெம் மொழி, அமெரிக்காவின் சியாற்றிலில் இருந்தால் லஷூட்சீட் என, அவர் வாழும் மண்ணின் மொழியையே தெரிந்தெடுப்பது நன்று.

அடுத்தது கேட்டல். வன்கூவரும் கம்லூப்ஸும் அமைந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முதற்குடி மொழிகளில் பேசுவோரின் குரற்பதிவுகள் ‘ஃபர்ஸ்ட் வொய்சஸ்’ இணையத்தளத்தில் உள்ளன. ஒரு சொல்லைப் பத்துத் தடவையேனும் கேட்ட பின்னரே வாய்விட்டுச் சொல்லுங்கள். தமிழெழுத்தில் உடனே எழுதிவைக்க வேண்டாம். எழுதிவிட்டால் கண் செவியை ஏமாற்றிவிடும், ஏனெனில் அம்மொழிகளின் முதன்மையான ஒலிகள் சிலவற்றுக்கு நம்மிடம் எழுத்தே இல்லை. அவற்றுள் ஒன்றை எழுப்ப, ‘ல்’ சொல்வதற்கு நாக்கை வைக்கும் இடத்திலேயே வைத்து, குரல் எழுப்பாமல், நாக்கின் இரு பக்கங்களாலும் காற்றை ஊதுங்கள். இன்னொன்று ‘க்’ போன்றது. ஆனால் அடிநாக்கு இன்னும் பின்சென்று உள்நாக்கருகே தொடும். மூன்றாவது வகைக்கே மிகுந்த பயிற்சி வேண்டும்: குளத்தில் மூழ்குமுன் மூச்சைப் பிடிப்பதுபோலத் தொண்டையை மூடிக்கொண்டு, வாயில் அடைபட்ட சிறிதளவு காற்றை மட்டும் ‘ப்’, ‘த்’, ‘க்’ என்று வெடிக்க விட வேண்டும்.

உயிரின்றி மெய் தானே இயங்காது என்று கற்றவர்கள் நாம். ஆனால், இக்குடும்பத்தைச் சேர்ந்த நுஹல்க் மொழியில் உயிரொலியே இல்லாத முழுச் சொற்கள் உண்டு. லஷூட்சீட்டின் இயல்பான பேச்சிலோ மூக்கொலிகள் இல்லை. நம்முடைய மெல்லினம் முழுவதும் அங்கே வழக்கொழிந்து, ம், ந் ஒலிகள் நின்ற இடத்தை ப், த் ஒலிகளின் மென்மையான வடிவங்கள் பிடித்துக்கொண்டன.

சொல்லமைப்பை அறிய ஒரேயொரு சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம். லஷூட்சீட்டில் பிள்ளை ‘பெதா’ (ஏறத்தாழ அவ்வாறு ஒலிக்கும்). முற்பகுதியை இரட்டித்து ‘பெத்பெதா’ என்றால் பிள்ளைகள். முதலெழுத்தை மட்டும் வேறோர் உயிருடன் இரட்டித்து ‘பீபெதா’ என்றால் சிறுபிள்ளை. ‘கள்’ சேர்த்துப் பன்மை காட்டும் நமக்கு இவ்விரட்டிப்பு புதிது. ஆயினும் ‘சின்னஞ்சிறு’ என்று சொல்லிப் பழகிய செவிக்கு அது இனிமையாகவே படும்.

எழுத்துமுறை மொழிக்கு மொழி வேறுபடும். ஸ்குவாமிஷ் பெயரொன்றின் நடுவே 7 என்னும் இலக்கத்தைக் கண்டால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். அவ்விடத்தில் தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறக்க வேண்டும் என்பதே அதன் பொருள். வன்கூவர் தீவின் சலிஷ் இனத்தவரான சானிச் மக்களின் மொழிக்கு எழுத்து அமைத்தவர் அச்சமூகத்தவரான டேவ் எலியட். பாடசாலைப் பராமரிப்புப் பணியாளராக இருந்த அவர், 1978 இல் பழைய தட்டச்சுப்பொறியொன்றை வாங்கி, அதன் பெரிய எழுத்துகளின் மேல் கோடுகளிட்டு அவ்வரிவடிவத்தை உருவாக்கினார். அவருடைய உழைப்பே எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் போற்றத்தக்கதாகத் தோன்றுகிறது.

இறுதியாக, பேச்சாளரை அணுகும் முறை. கம்லூப்ஸில் 1890 முதல் 1978 வரை இயங்கியதைப் போன்ற வதிவிடப் பாடசாலைகளில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட முதற்குடிப் பிள்ளைகள் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். பேசுவோர் குறைந்தமைக்கு அது பெருங்காரணம். சலிஷ் மொழிகளுள் ஒன்றான கிளாலத்தைத் தாய்மொழியாகப் பெற்ற இறுதிப் பேச்சாளர் 2014 இல் தமது 103 ஆவது வயதில் காலமானார். ஆகவே, உறவினர் மூலம் ஒரு முதியவரிடம் பேச நேர்ந்தால், அவருடைய பள்ளிக்காலத்தை நீங்களாகக் கேட்க வேண்டாம். இறுதிப்போரின் மாதங்களை அந்நியர் துருவிக் கேட்டால் நமக்கு எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம். குரலைப் பதிவுசெய்யுமுன் அனுமதி பெறுங்கள். கதை கேட்பதாயின் காலம் பாருங்கள்: வற்றாப்பளைப் பொங்கலுக்கு வைகாசி இருப்பதுபோல, மொன்ரானாவின் சலிஷ் மக்கள் கொயோட் என்னும் ஓநாயின விலங்கைப் பற்றிய கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வார்கள்.