கால் மாறிய நடராசர்

கண்ணாடியின் பின்புறம் தீட்டி முன்புறமிருந்து பார்க்கும் ஓவியம் தலைகீழ் வேலை. கண், நகை, மடிப்புக்கோடு முதலில், உடல் நிறம் பிறகு, பின்னணி கடைசியில்.

மூன்று மாதமாக என் உருவங்களெல்லாம் மரப்பாச்சியாகவே நின்றன. போதாக்குறைக்கு, ஒரு நடராசரை முடித்துத் திருப்பினால் இடவலம் மாறி, வலது காலைத் தூக்கி ஆடுகிறார்! மதுரை வெள்ளியம்பலத்தில் அது முறை. இடது காலைத் தூக்கும் தில்லைக் கூத்தனைக் கேட்டவரிடம் எப்படிக் கொடுப்பது?

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு மயிலாப்பூர் குளத்திலிருந்து கச்சேரி சாலை வழியாகச் சாந்தோம் வரை தினமும் நடந்தேன். பேராலயத்தின் வண்ணக் கண்ணாடியில் வெளிச்சம் ஊடுருவி வருகிறது. என் கண்ணாடியிலோ அது பட்டுத்தான் திரும்ப வேண்டும். இத்தனை நாள் அந்த வேறுபாடு உறைக்கவில்லை. நகைகளுக்கு வண்ணம் பூசாமல் இடம் விட்டு, பின்னால் கசக்கிய தங்கநிறத் தாளை ஒட்டினேன். தஞ்சாவூர்க்காரர்களின் பழைய உத்திதான். அசைந்து பார்த்தால் மினுங்குகிறது.

விறைப்பு மட்டும் போகவில்லை. பக்கத்து வீட்டில் நட்டுவாங்கம் சொல்லிக்கொடுக்கும் அக்காவிடம் அனுமதி கேட்டு, பரதநாட்டிய அடவு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்தேன். முகத்தையே வரையவில்லை. தாளம் தட்டும் தட்டுக்கழி விழும்போதெல்லாம் முழங்கால், இடுப்பு, முழங்கை, இந்த மூன்றின் கோடு மட்டும். முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியில் எடை எங்கே இறங்குகிறது என்பது நாலாம் நாள்தான் கைக்கு வந்தது.

இப்போது காகிதத்தில் நேராக வரைந்து, விளக்கொளியில் அதன் முதுகுப்பக்கம் படியெடுத்து, அதைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கிறேன். இரண்டாவது நடராசர் இடது காலைத்தான் தூக்கினார்.

முதலாமவரை மதுரை அத்தை தன் பூசையறைக்குக் கேட்கிறார்.