கடைசி ஒரு சாண் டயர்: எதைத் தடவலாம், எதைத் தடவக் கூடாது

சைக்கிள் சக்கரத்தில் புது டயர் முக்கால் சுற்று வரை சிரமமில்லாமல் ஏறிவிடும். கடைசி ஒரு சாண்தான் கட்டைவிரல் சிவக்கச் சிவக்க அமுக்கினாலும் அசையாது. அப்போதுதான் கை தேங்காய் எண்ணெயைத் தேடும், அது கிடைக்காவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை. இரண்டுமே வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும், அதையும் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

முதலில் டயருக்குத் தொய்வு கிடைக்க வேண்டும். ரிம்மின் உள்பக்கம் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். பீட் என்று சொல்லும் டயர் ஓரம், காற்றடித்த பின் பள்ளத்துக்கு இருபுறமும் உள்ள திட்டில் உட்காரும். 700சி என்ற அளவு டயருக்கு அந்தத் திட்டின் விட்டம் 622 மி.மீ. டயரின் பக்கவாட்டில் 28-622 என்று அச்சிட்டிருந்தால், இரண்டாவது எண் அதுதான். பள்ளம் திட்டைவிட 3 மி.மீ. ஆழமாக இருந்தால் விட்டத்தில் 6 மி.மீ. குறைகிறது, சுற்றளவில் 18 மி.மீ.க்கு மேல் மிச்சமாகிறது. ஓரத்தின் உள்ளே இருப்பது இரும்புக் கம்பியோ கெவ்லார் இழையோ, இரண்டுமே நீளாது. சோப்பு உராய்வைக் குறைக்குமே தவிர நீளத்தைக் கூட்டாது. அந்த 18 மி.மீ. பள்ளத்திலிருந்துதான் வந்தாக வேண்டும்.

ஆகவே ஆரக்கம்பித் துளைகளை மூட ரிம்முக்குள் ஒட்டும் ரிம் டேப்பைப் பாருங்கள். பள்ளத்தில் 1 மி.மீ. தடிமனுக்குத் துணி டேப் கிடந்தால் 6 மி.மீ. தொய்வு அங்கேயே போய்விட்டது. பழைய டேப்பின் மேலேயே புது டேப் சுற்றியிருந்தால் இரண்டையும் உரித்துவிட்டு, மெல்லிய டேப்பை ஒரே சுற்றாக ஒட்டுங்கள். பல “முரட்டு டயர்கள்” இதிலேயே வழிக்கு வந்துவிடும்.

ஒரு பக்க ஓரத்தை முழுதாக ஏற்றிவிட்டு, டியூபுக்கு உருண்டை வடிவம் வருமளவு மட்டும் காற்று விட்டு உள்ளே வையுங்கள். அடுத்த ஓரத்தை வால்வுக்கு நேர் எதிரில் தொடங்கி, இரண்டு கையாலும் இருபுறமாக ஏற்றிக்கொண்டே வந்து வால்வில் முடியுங்கள். வால்வின் அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டு நிற்பதால் அந்த இடத்தில் ஓரம் பள்ளத்தில் இறங்காது. அதனால் அது கடைசியாக வர வேண்டிய இடம். பலர் வால்வில் தொடங்கி எதிர்ப்பக்கம் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிக்கியதும் டியூபில் இருக்கும் காற்றை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து டயரை இருபுறமும் கிள்ளிக் கிள்ளிப் பள்ளத்துக்குள் தள்ளுங்கள். சேரும் தொய்வை உள்ளங்கையால் வால்வை நோக்கி வழித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று சுற்று செய்தும் ஒரு சாண் பாக்கி நின்றால்தான் சோப்பு.

ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் 2 டீஸ்பூன். விரலிடுக்கில் வழவழவென்று இருந்தால் பதம் சரி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தொட்டு, ஏற வேண்டிய ஓரத்திலும் அது தாண்ட வேண்டிய ரிம் விளிம்பிலும் மட்டும் தடவுங்கள். டயரின் வெளிப்பக்கத்தில் பட்டால் முதலில் வழுக்குவது உங்கள் கட்டைவிரல்தான். இன்னொரு தொல்லை, ஏற்கெனவே ஏறிய பகுதியும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பழைய டியூபை வெட்டிய பட்டையால் அந்த இரு முனைகளையும் ரிம்மோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பிறகு நடுவில் தள்ளாமல், இரு முனையிலிருந்தும் இரண்டிரண்டு செ.மீ.யாக, கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் உருட்டி ஏற்றுங்கள்.

திரவம் இல்லையென்றால் குளியல் சோப்பை நனைத்து ஓரத்தில் தேய்க்கலாம். ஒழுகாது, தடவிய இடத்தில் நிற்கும். ஷேவிங் நுரையும் அப்படியே. பாத்திரம் தேய்க்கும் கட்டி சோப்பு கூடாது, அதில் நறநறவென்று தூள் இருக்கும். சலவைத் தூளில் சோடா உண்டு, அலுமினிய ரிம்முக்கு ஆகாது. உடனே வண்டியை எடுக்க வேண்டுமென்றால் கை சானிடைசர் நல்லது. ஆல்கஹால் சில நிமிடங்களில் பறந்துவிடும். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில் துளையை அடைக்கும் லேடெக்ஸ் (ரப்பர்ப் பால்) சீலன்ட் ஊற்றப்போகிறீர்கள் என்றால் சானிடைசர் வேண்டாம், ஆல்கஹால் பட்டால் லேடெக்ஸ் திரிந்துவிடும். டால்கம் பவுடர் வழவழப்புக்கு அல்ல. டியூப் டயரோடு ஒட்டாமலிருக்க லேசாகத் தூவலாம். சோப்புத் தண்ணீரோடு சேர்ந்தால் கூழாகிவிடும்.

தேங்காய் எண்ணெய், கிரீஸ், இன்ஜின் ஆயில், வாஸ்லின், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் டயர் பக்கமே வரக் கூடாது. பெட்ரோலிய வகைகள் ரப்பரை ஊதவைத்து இளக்கும். அதைவிடப் பெரிய சங்கடம், எண்ணெய் காயாது. சோப்புத் தண்ணீர் காய்ந்ததும் ரப்பர் ரிம்மைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தடவிய டயர் ஒவ்வொரு பிரேக்குக்கும் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ரிம்மை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் பிரேக் கட்டையிலும் எண்ணெய் ஏறி, பிரேக்கே பிடிக்காமல் போகும்.

ஏறியதும் வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி விடுங்கள், அடியில் டியூப் மாட்டியிருந்தால் விடுபடும். 20 பி.எஸ்.ஐ. அடித்து, சக்கரத்தைச் சுற்றி, ரிம்முக்கு மேலே டயரில் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் பதுங்கினால் காற்றை இறக்கி, அங்கே மட்டும் சோப்புத் தண்ணீர் தொட்டு, மறுபடி அடியுங்கள். டயரிலும் ரிம்மிலும் போட்டிருக்கும் உச்ச அளவில் எது குறைவோ அதைத் தாண்ட வேண்டாம். விளிம்பின் உள்பக்கம் டயர் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம்முக்கு உச்சம் 72.5 பி.எஸ்.ஐ.

பிரேக் பிடிக்கும் பரப்பை வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு முறை துடைத்துவிட்டு, ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். பாத்திரத் திரவங்கள் பலவற்றில் உப்பு உண்டு. பழைய 28 அங்குல வண்டியின் இரும்பு ரிம்மில் அந்த ஈரம் தங்கினால் துரு பிடிக்கும், ஆகவே அதற்குக் குறைவாகவே தடவுங்கள்.

முதல் நாள் ஓட்டி வந்ததும் வால்வைப் பாருங்கள். ஆரத்துக்கு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் டயர் நகர்ந்திருக்கிறது, கூடவே டியூபையும் இழுத்திருக்கிறது. அப்படியே விட்டால் வால்வு அடியில் கிழியும், அங்கே பஞ்சர் ஒட்ட முடியாது. காற்றை முழுதாக இறக்கி, டயரை நகர்த்தி வால்வை நேராக்கி, ஓரத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து மறுபடி காற்றடியுங்கள்.