ஃபாஸ்ட் ஃபுட் கடை வேலை: சம்பளத்தில் காணாமல் போகும் நிமிடங்களைப் பிடிப்பது எப்படி

ஃபாஸ்ட் ஃபுட் சங்கிலிக் கடைகளில் சம்பளம் மொத்தமாக வெட்டப்படுவது அபூர்வம். ஐந்து நிமிடம், கால் மணி நேரம் என்று கிள்ளிக் கிள்ளித்தான் குறையும். மாதக் கடைசியில் எங்கேயோ உதைக்கிறது என்று தெரியும், எதைக் காட்டிக் கேட்பது என்று தெரியாது. அதற்குத்தான் சொந்தக் கணக்கு.

முதலில் உங்கள் முதலாளி யார் என்று பாருங்கள். போர்டில் உள்ள பெயரை விடுங்கள், பே ஸ்லிப்பில் உள்ள பெயரைப் பாருங்கள். மெக்டொனால்ட்ஸ் கடைகளில் சுமார் 95 சதவீதம் பிரான்சைஸ் எடுத்தவர்கள், அதாவது பிராண்டின் பெயரில் கடை நடத்த உரிமம் வாங்கிய தனி உரிமையாளர்கள், நடத்துபவை. பிராண்டுக்குப் போகும் ராயல்டி விற்பனையில் கணக்கிடப்படுகிறது, லாபத்தில் அல்ல. அமெரிக்காவில் அந்த நிறுவனம் புதிய கடைகளுக்கு 2024 முதல் அதை 4 சதவீதத்திலிருந்து 5 ஆக்கியது. சரக்கு எங்கே வாங்குவது என்பதையும் பெரும்பாலும் பிராண்டே முடிவு செய்துவிடும். கடைக்காரர் கை வைக்க மிச்சம் இருப்பது ஆட்களின் நேரம்தான். மேனேஜரின் போனஸும் பல இடங்களில் விற்பனையில் சம்பளச் செலவு எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்தது. "பஞ்ச் அவுட் பண்ணிட்டு உட்காரு, கூட்டம் வந்தா கூப்பிடுறேன்" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது (பஞ்ச் என்பது வரும், போகும் நேரத்தைக் கடையின் சிஸ்டத்தில் பதிவது). பிராண்டின் தலைமையகத்துக்குப் புகார் அனுப்பினால் "அது கடை உரிமையாளர் விஷயம்" என்றே பெரும்பாலும் பதில் வரும். எனவே கேள்வியை உரிமையாளரிடமே கேட்க வேண்டும்.

ஒரு சின்ன நோட்டு போதும். அன்றைய கணக்கை அன்றே எழுதுங்கள். வாரக் கடைசியில் யோசித்து எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும், அதை யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு நாள் பதிவு இப்படி இருக்கலாம்:

வியாழன். ரோஸ்டர் (ஷிஃப்ட் அட்டவணை) 4:00–11:00. வேலை தொடங்கியது 3:50 (கல்லா எண்ணினேன்), பஞ்ச் 4:00. இடைவேளை 7:30–7:42, கவுன்டருக்குக் கூப்பிட்டார்கள். பஞ்ச் அவுட் 11:00. கிளம்பியது 11:35, ஃப்ரையர் எண்ணெய் வடிகட்டி, தரை துடைத்தேன்.

முன்னால் 10 நிமிடம், பின்னால் 35. சிஸ்டம் இடைவேளைக்குத் தானாக 30 நிமிடம் கழித்திருந்தால், எடுத்தது 12 தான், அதில் 18 போச்சு. ஒரே ஷிஃப்டில் 63 நிமிடம். யூனிஃபார்ம் மாற்றும் நேரம் கணக்கில் வருமா என்பது ஊருக்கு ஊர் மாறும். அதைத் தனியாக எழுதுங்கள், கல்லா எண்ணுவதோடு கலக்காதீர்கள்.

ரோஸ்டர் ஒட்டியதும் படம் எடுங்கள், மாற்றினால் மறுபடியும் எடுங்கள். படத்தில் வாடிக்கையாளர் விவரமோ சமையல் குறிப்போ விழ வேண்டாம், அதையே சாக்காக வைத்து வெளியே அனுப்புவார்கள். கம்பெனி ஆப்பை நம்பியும் இருக்காதீர்கள். வேலை போன அன்றே லாகின் மூடிவிடும்.

பே ஸ்லிப் வந்ததும் நோட்டோடு ஒப்பிடுங்கள். ரவுண்டிங்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கால் மணிக்குத் திருத்தும் சிஸ்டத்தில் 8:53க்கு பஞ்ச் செய்தால் 9:00 ஆகும், 5:07க்கு வெளியேறினால் 5:00 ஆகும். நாளுக்கு 14 நிமிடம், வாரம் 6 நாள் என்றால் 84, நான்கு வாரத்தில் 5 மணி 36 நிமிடம். எப்போதும் ஒரே பக்கமாகத் திருத்தினால் அது ரவுண்டிங் இல்லை, வெட்டு. ஒரே உரிமையாளரின் இரண்டு கடைகளில் வேலை வாங்கி, இரண்டு ஸ்லிப் போட்டு, ஓவர்டைமை மறைப்பதும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி அந்த நேரத்தைச் சேர்த்துத்தான் வாரம் 40 மணி நேரம் பார்க்க வேண்டும்.

கல்லா குறைந்தால் பிடித்தம் செய்வார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு 95ஆம் உடன்படிக்கை, உள்நாட்டுச் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே பிடிக்கலாம் என்கிறது. ஷிஃப்ட் தொடக்கத்திலும் முடிவிலும் உங்கள் முன்னால் எண்ணச் சொல்லுங்கள். உங்கள் நம்பரில் வேறு யாராவது பில் போட்டிருந்தால், குறைவை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

கேட்கும்போது எழுத்தில், சுருக்கமாகக் கேளுங்கள்: "3ஆம் தேதி முதல் 9ஆம் தேதி வரை என் கணக்கில் 46 மணி 20 நிமிடம், ஸ்லிப்பில் 42. பஞ்ச் விவரத்தின் நகல் வேண்டும்." முதல் கடிதத்திலேயே திருட்டு என்று எழுதினால் பேச்சு அந்த வார்த்தையைப் பற்றியதாகிவிடும், நிமிடங்கள் மறந்துபோகும். ஒரே ஷிஃப்டில் நின்ற இன்னொருவரின் நோட்டிலும் அதே 11:35 இருந்தால் பலம் கூடும்.

பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை. தள்ளிப்போடாதீர்கள், கெடு உண்டு. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 2 ஆண்டு, வேண்டுமென்றே செய்த மீறலுக்கு 3. முதலாளியின் பதிவேடு சரியில்லை என்றால், தொழிலாளி நியாயமான மதிப்பீட்டைக் காட்டினால் போதும், அது தவறு என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1946இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் நோட்டு உதவுவது அங்கேதான். நகலை மட்டும் கொடுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே பழைய ஸ்லிப்புகளை எல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.